ஜில்லென்ற காற்றில் கிருமியும் வருமா? ஆபரேஷன் தியேட்டர் ஏசிகளின் மறுபக்கம்

சித்திரை பிறந்துவிட்டால் மதுரையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவது சர்வசாதாரணம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, அண்ணா நகரிலோ கோரிப்பாளையத்திலோ இறங்கி, ஆஸ்பத்திரிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் முகத்தில் படும் குளிர்காற்றே பாதி நோயைத் தீர்த்துவிட்டது போலிருக்கும்.

அந்தக் காற்று எதன் வழியாக வருகிறது, அந்தப் பெட்டியைக் கடைசியாக எப்போது திறந்து கழுவினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. வீட்டு ஏசியிலிருந்து ஒரு மாதிரி வாடை அடித்தால் உடனே சர்வீஸ்காரருக்கு போன் போடுகிறோம். ஆஸ்பத்திரியில் அதே வாடை அடித்தால், 'மருந்து வாசனை' என்று சமாதானம் செய்துகொள்கிறோம்.

காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது பெரிய விஷயமாக இல்லாமல் போகலாம். ஆனால், கண்ணைத் திறந்துவைத்து அறுவை சிகிச்சை செய்யும் மேஜைக்கு மேலே வீசும் காற்று அப்படியல்ல. அங்கே கத்தி, கத்தரிக்கோல் மாதிரி காற்றும் ஒரு கருவி. கருவியைக் கிருமி இல்லாமல் வைப்பதற்கு எவ்வளவு மெனக்கெடுகிறார்களோ, அதே மெனக்கெடல் காற்றுக்கும் தேவை.

ஒரு கண் பார்வையின் விலை

மதுரையைக் கோயில் நகரம் என்போம். மருத்துவ உலகுக்கு இது கண் சிகிச்சையின் ஊரும்கூட. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி, 1976-ல் தன் 58-வது வயதில், 11 படுக்கைகளோடு இங்கே தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. ஒரே தியேட்டரில் பல மேஜைகள் இருக்கும். ஒருவருக்குச் சிகிச்சை முடிந்ததும் அடுத்த மேஜையில் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். மருத்துவர் அப்படியே திரும்பி அடுத்த அறுவையைத் தொடங்குவார். செலவைக் குறைத்து, ஏழைகளுக்கு இலவசமாகவும் சிகிச்சை தர இந்த முறைதான் கைகொடுத்தது. அதே சமயம், ஒரே அறையின் காற்றைப் பல நோயாளிகள் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் சுத்தம் இரட்டிப்பாக இருந்தாக வேண்டும்.

அங்குள்ள மருத்துவர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வின்படி, தொடர்ச்சியாகச் செய்யப்பட்ட 42,426 கண்புரை அறுவை சிகிச்சைகளில் 38 பேருக்கு மட்டுமே கண்ணுக்குள் தீவிரத் தொற்று ஏற்பட்டது. அதாவது 0.09 சதவிகிதம். பிறகு, அறுவை முடிந்ததும் கண்ணுக்குள்ளேயே 'மாக்ஸிஃப்ளாக்ஸசின்' என்ற ஆன்டிபயாட்டிக்கைச் செலுத்தும் முறை வந்தது. அரவிந்த் குழும மருத்துவமனைகளில் நடந்த ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளை அலசி 2017-ல் வெளியான ஆய்வு, இந்த மருந்து போடாதவர்களில் 0.07 சதவிகிதமாக இருந்த தொற்று, போட்டவர்களில் 0.02 சதவிகிதமாக இருந்ததைக் காட்டியது.

பத்தாயிரம் பேரில் இரண்டு பேர், ஏழு பேர் என்பதெல்லாம் கணக்குக்குச் சின்ன எண்கள். ஆனால், அந்த இரண்டு பேரில் ஒருவராக இருப்பவருக்கு அது முழு வாழ்க்கை. கண்ணின் உள்ளே நிறைந்திருக்கும் ஜெல்லி போன்ற திரவத்தில் ரத்த ஓட்டம் கிடையாது. உடலின் பாதுகாப்புப் படை அங்கே போய்ச் சேர்வதற்குள் கிருமி பல மடங்கு பெருகிவிடும். ஓரிரு நாள்களிலேயே பார்வை பறிபோகும் அபாயம் உண்டு. 2008 ஜூலையில் பெரம்பலூரில், இலவச முகாம் மூலம் கண்புரை அறுவை செய்துகொண்ட விழுப்புரம் மாவட்டக் கிராமத்தினர் அறுபதுக்கும் மேற்பட்டோர் பார்வை இழந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. அந்தச் சம்பவத்தை ஏசியோடு முடிச்சுப்போட வேண்டியதில்லை. ஒரு தியேட்டரில் ஒரே ஒரு ஓட்டை இருந்தால், எத்தனை குடும்பங்களின் பிழைப்பு ஒரே நாளில் சாய்ந்துவிடும் என்பதற்கு அது சாட்சி.

கண் அறுவைக்குப் பின் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும் தொற்றுகளில் பெரும்பாலானவை, நோயாளியின் சொந்த இமையிலும் இமை முடியிலும் வாழும் பாக்டீரியாக்களால் வருபவை. அதனால்தான் அறுவைக்கு முன்பு கண்ணில் பழுப்பு நிற அயோடின் மருந்தை விடுகிறார்கள். ஆனால், ஒரே வாரத்தில் நாலைந்து பேருக்குக் கொத்தாகத் தொற்று வந்தால் சந்தேகப் பட்டியல் மாறிவிடும். கண்ணுக்குள் செலுத்திய திரவம், கருவிகள், தண்ணீர், அப்புறம் காற்று. இந்தக் கடைசி இரண்டும் சந்திக்கும் இடம்தான் ஏசி.

அதே 1976, வேறொரு ஊர்

மதுரையில் 11 படுக்கைகளோடு அந்தக் கண் மருத்துவமனை தொடங்கிய அதே ஆண்டின் ஜூலை மாதம், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், பெல்வியூ ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற ஹோட்டலில் முன்னாள் படைவீரர்களின் மாநாடு நடந்தது. ஊர் திரும்பியவர்கள் ஒவ்வொருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள். ஹோட்டலுக்கு வெளியே தெருவில் நடந்து போனவர்களும் தப்பவில்லை. மொத்தம் 221 பேர் பாதிக்கப்பட்டு, 34 பேர் இறந்தார்கள். காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் குழம்பிய பிறகு, ஜோசஃப் மெக்டேட் என்ற விஞ்ஞானி அதுவரை யாரும் அறியாத ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். படைவீரர் சங்கத்தின் பெயரான 'அமெரிக்கன் லீஜன்' என்பதை வைத்தே அதற்கு 'லீஜியோனெல்லா' என்று பெயர் வைத்தார்கள். அது ஹோட்டலின் ஏசிக்கான குளிர்விப்புக் கோபுரத்தில் வளர்ந்து, நீர்த்திவலையோடு காற்றில் பரவியதாகக் கருதப்படுகிறது.

பெரிய கட்டடங்களின் மொட்டைமாடியில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஆவி பறக்க நிற்கும் பெட்டிகள்தான் இந்தக் கோபுரங்கள். லீஜியோனெல்லாவுக்கு 20 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பான தண்ணீர் ரொம்பவே பிடிக்கும். நம் ஊரில் ஆண்டு முழுவதும் மொட்டைமாடித் தண்ணீர் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. 2015-ல் நியூயார்க்கில் ஒரு ஹோட்டலின் கோபுரத்திலிருந்து இதே கிருமி பரவி 138 பேரைப் பாதித்தது. 16 பேர் இறந்தார்கள். அதன் பிறகே அந்த நகரம், ஒவ்வொரு கோபுரத்தையும் பதிவு செய்து, தவறாமல் பரிசோதிக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது.

வீட்டில் மாட்டும் ஸ்பிளிட் ஏசிக்கு இந்தக் கோபுரம் கிடையாது. அதனால் லீஜியோனெல்லா பயம் அங்கே பெரும்பாலும் இல்லை. ஆனால், அதற்கு வேறு வகையான குடித்தனக்காரர்கள் இருக்கிறார்கள்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

ஐஸ் போட்ட சொம்பின் வெளிப்பக்கம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏசியின் உள்ளே இருக்கும் காயிலும் அப்படித்தான் வியர்க்கிறது. அறையின் ஈரக்காற்று குளிர்ந்த காயிலில் பட்டதும், அதிலுள்ள நீராவி தண்ணீராகி அடியிலிருக்கும் தட்டில் சொட்டுகிறது. அங்கிருந்து குழாய் வழியாக வெளியே போகிறது. ஐப்பசி மழைக்காலத்தில் காற்றில் ஈரம் ஏறும்போது, ஒரே நாளில் பல லிட்டர் தண்ணீர் இப்படிச் சொட்டும்.

கிருமி வளர மூன்று விஷயங்கள் போதும்: ஈரம், இரை, இருட்டு. ஈரம் காயிலில் இருக்கிறது. இருட்டு பெட்டிக்குள் தாராளமாக இருக்கிறது. இரை எங்கிருந்து வருகிறது? நம் உடம்பிலிருந்துதான். மனிதத் தோல் ஓயாமல் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டே இருக்கிறது. துணிநூல், தலைமுடித் தூசு, ரோட்டுப் புழுதி எல்லாம் சேர்ந்து ஃபில்டரில் படிகின்றன. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் அல்லது சரியாகப் பொருந்தாவிட்டால், மிச்சம் காயிலின் இடுக்குகளில் போய் ஒட்டுகிறது. ஈரமான காயிலில் ஒட்டிய தூசு, கிருமிக்குச் சமைத்துவைத்த சாப்பாடு.

குழாயில் அடைப்பு வந்தாலோ, தட்டு சற்றுச் சாய்வு மாறினாலோ தண்ணீர் தேங்கிவிடும். நாலைந்து நாளில் அந்தத் தட்டைத் தொட்டுப் பார்த்தால் பாசி போல வழவழப்பாக இருக்கும். அந்த வழவழப்பு, பாக்டீரியாக்கள் கூட்டமாக வாழத் தங்களுக்குத் தாங்களே கட்டிக்கொண்ட கூடாரம். 'சூடோமோனாஸ்' என்ற பாக்டீரியாவுக்கு இப்படிப்பட்ட ஈர இடங்கள் சொந்த வீடு மாதிரி. கண்ணுக்குள் போனால் படுவேகமாக நாசம் செய்யும் கிருமிகளில் அதுவும் ஒன்று. ஈரத்தூசு படிந்த இடங்களில் 'ஆஸ்பெர்ஜில்லஸ்' போன்ற பூஞ்சைகளும் குடியேறும். அவற்றின் விதைத்துகள்கள் இரண்டு, மூன்று மைக்ரான் அளவுதான் இருக்கும். ஃபேன் சுற்றும்போது காற்றில் ஏறி, மணிக்கணக்கில் மிதந்துகொண்டே இருக்கும்.

வாரத்தின் முதல் அறுவை

இதெல்லாம் தியரி என்று நினைப்பவர்களுக்கு, 1996-ல் மருத்துவ இதழில் வெளியான ஓர் அமெரிக்க விசாரணை நல்ல பாடம். ஒரு சிறிய அறுவை சிகிச்சை மையத்தில் கண்புரை அறுவை செய்துகொண்ட நான்கு பேருக்கு, 'அக்ரிமோனியம்' என்ற அரிதான பூஞ்சைத் தொற்று கண்ணுக்குள் வந்தது. கருவிகளையும் மருந்துகளையும் சோதித்தவர்கள், எந்த நாளில், எந்த நேரத்தில் யாருக்கு அறுவை நடந்தது என்றும் வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு, வாரத்தில் அறுவை தொடங்கும் முதல் நாளில், மையம் திறந்த சற்று நேரத்திலேயே சிகிச்சை நடந்திருந்தது.

அறுவை இல்லாத நாள்களில் ஏசியை நிறுத்திவைத்திருந்தார்கள். காற்றுக்கு ஈரம் சேர்க்கும் பகுதியில் தேங்கிய தண்ணீரில் அந்தப் பூஞ்சை நிதானமாக வளர்ந்திருந்தது. வாரத் தொடக்கத்தில் சுவிட்சைப் போட்டதும் முதலில் வந்த காற்று அதை அள்ளிக்கொண்டு வந்து தியேட்டருக்குள் கொட்டியது. பிற்பாடு வந்த நோயாளிகளுக்குக் காற்று கொஞ்சம் தெளிந்திருந்தது. அணைத்துவைத்த ஒரு சுவிட்ச், நாலு பேரின் கண்ணில் போய் முடிந்தது.

சின்ன மையம் என்பதால்தான் இப்படி என்று சொல்லவும் முடியாது. அமெரிக்காவின் சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனை உலகப் புகழ் பெற்றது. 2001 முதல் அங்கே 14 குழந்தைகளுக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் தொற்று ஏற்பட்டு, அவர்களில் ஆறு பேர் இறந்ததாக 2019 நவம்பரில் அந்த மருத்துவமனையே அறிவித்தது. தியேட்டர்களுக்குக் காற்று அனுப்பும் இயந்திரங்களில்தான் பிரச்னை என்று சந்தேகித்து, அந்தத் தியேட்டர்களை மூடிவிட்டுப் புதிய ஃபில்டர்களைப் பொருத்தினார்கள். பணமும் பெயரும் மட்டும் காற்றைச் சுத்தம் செய்துவிடாது.

கண்ணெரிந்தால் கிருமி செத்துவிட்டதா?

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் காற்றுச் சுத்தம் என்றதும் பலருக்கு நினைவு வருவது புகைமூட்டம். ஃபார்மலினையும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டையும் கலந்து, கதவு இடுக்குகளில் டேப் ஒட்டி, ராத்திரி முழுக்க மூடிவைப்பார்கள். மறுநாள் கதவைத் திறந்தால் கண்ணும் மூக்கும் எரியும். எரிந்தால் கிருமி செத்துவிட்டது என்ற நம்பிக்கை பல பத்தாண்டுகளாக வேரூன்றிப் போயிருக்கிறது.

இதில் இரண்டு சிக்கல்கள். முதலாவது, ஃபார்மால்டிஹைடு புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. அந்த வேலையைச் செய்யும் ஊழியரின் நுரையீரல்தான் முதலில் விலை கொடுக்கிறது. இரண்டாவது, அறையைப் புகையால் நிரப்பினாலும், ஏசிக்குள் வழவழப்பாகப் படிந்திருக்கும் அழுக்கின் அடிவரை அது போகாது. மறுநாள் ஏசியைப் போட்டதும் பழைய குடித்தனக்காரர்கள் மீண்டும் வெளியே வருவார்கள். நோயாளிகள் இருக்கும் பகுதிகளில் வழக்கமான சுத்தத்துக்கு மருந்துப் புகை அடிப்பதை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமும் பரிந்துரைப்பதில்லை.

எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரத்தில் டெட்டால் ஊற்றினால் பாத்திரம் சுத்தமாகிவிடுமா? முதலில் தேய்க்க வேண்டும், கழுவ வேண்டும். கிருமிநாசினி அதற்கு அப்புறம்தான். ஏசிக்கும் இதே சமையலறை நியாயம்தான்.

முறையான கழுவல் எப்படி இருக்கும்?

முதலில் அறையில் நோயாளிகள் யாரும் இருக்கக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்து, கீழே உள்ள மேஜை, கருவிகளை மூடிவைக்க வேண்டும். ஃபில்டரைக் கழற்றி, தூசு பறக்காதபடி மூடி வெளியே எடுத்துப்போய்த் தண்ணீரில் கழுவி, முழுதாகக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு திரும்ப மாட்டினால் பூஞ்சைக்கு விருந்து வைத்த மாதிரி.

அடுத்து காயில். மென்மையான பிரஷ்ஷும், காயிலுக்கென்றே தயாரிக்கப்பட்ட சோப்புத் திரவமும், வேகத்தைக் குறைத்துப் பீய்ச்சும் தண்ணீரும் போதும். பிளீச்சிங் திரவத்தை ஊற்றினால் அலுமினிய மடிப்புகள் அரித்துப்போகும். அரித்த இடத்தில் அழுக்கு இன்னும் நன்றாக ஒட்டும். பிறகு தட்டு. வழவழப்பு முழுதும் போகும்வரை தேய்த்துக் கழுவ வேண்டும். அதன் பிறகுதான் கிருமிநாசினி. பாட்டிலில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கு வரை அது மேற்பரப்பில் ஈரமாக நின்றால்தான் வேலை செய்யும். தெளித்த உடனே துடைத்துவிட்டால் மருந்துக் காசு வீண். கடைசியாகத் தண்ணீர்க் குழாயில் அடைப்பு இருக்கிறதா, தட்டின் சாய்வு சரியாக இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். காற்று ஓடும் பாதை முழுக்க உலர்ந்த பிறகே தியேட்டரைத் திறக்கலாம்.

இந்த வேலை முடிந்த பின், கிருமி குறைந்ததா என்று எப்படித் தெரியும்? அதற்கும் எளிய வழி உண்டு. கிருமி வளர்வதற்கான சத்துள்ள கூழ் நிரப்பிய ஒரு வட்டத் தட்டை, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, ஒரு மணி நேரம் திறந்துவைப்பார்கள். காற்றிலிருந்து விழும் கிருமிகள் அதில் ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத்தில் வைத்து வளர்த்தால், ஒவ்வொரு கிருமியும் ஒரு புள்ளியாகப் பெருகிக் கண்ணுக்குத் தெரியும். கழுவுவதற்கு முன்பு எத்தனை புள்ளி, பின்பு எத்தனை புள்ளி என்று எண்ணினால் வேலையின் லட்சணம் தெரிந்துவிடும்.

தியேட்டருக்கு ஸ்பிளிட் ஏசி ஆகாது

இவ்வளவு கழுவினாலும், ஸ்பிளிட் ஏசிக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. அது வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்றைத் திரும்பத் திரும்ப இழுத்துக் குளிர்வித்து அனுப்புகிறது. அதன் உள்ளே கிருமி வளர வசதியான மூலை முடுக்குகளும் அதிகம். அதனால்தான் விண்டோ ஏசியையோ ஸ்பிளிட் ஏசியையோ எந்த வகை ஆபரேஷன் தியேட்டரிலும் பயன்படுத்தக் கூடாது என்கிறது, மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எச்.

தியேட்டருக்குத் தனிக் காற்று இயந்திரம் வேண்டும். உயர்சிகிச்சை தியேட்டர் என்றால், காற்று மணிக்குக் குறைந்தது 20 தடவையாவது மாற வேண்டும். அதில் நான்கு தடவைக்குரியது புத்தம்புதிய வெளிக்காற்றாக இருக்க வேண்டும். அதாவது மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அறைக்காற்று முழுவதும் மாறும் வேகம். உள்ளே வரும் காற்று 'ஹெப்பா' ஃபில்டரைத் தாண்டி வர வேண்டும். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவிகிதத்தைத் தடுக்கும் ஃபில்டர் அது. தியேட்டருக்குள் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். அப்போதுதான் கதவைத் திறக்கும்போது வராண்டா காற்று உள்ளே நுழையாமல், உள்காற்று வெளியே போகும்.

இதே வழிகாட்டுதலில் இன்னொன்றும் உண்டு. அறுவை நடக்காத நேரத்திலும் காற்று இயந்திரத்தின் ஃபேன் இரவு பகலாக ஓட வேண்டும். குளிர்ச்சி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்த நான்கு பேரின் கண்கள் சொன்ன பாடம் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

வேகத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? மணிக்கு இரண்டு தடவை மட்டும் காற்று மாறும் அறையில், மிதக்கும் துகள்களில் 99 சதவிகிதம் வெளியேற இரண்டே கால் மணி நேரத்துக்கும் மேல் ஆகும். 12 தடவை மாறினால் 23 நிமிடம். 20 தடவை மாறினால் 14 நிமிடம் போதும்.

நீலவெளிச்சம் செய்யும் வேலை

காயிலின் அருகில் புறஊதா விளக்கைப் பொருத்துவது இன்னொரு வழி. 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள இந்த ஒளி, கிருமியின் மரபுப் பொருளைச் சிதைத்து, அது பெருக முடியாமல் செய்துவிடும். கனடாவின் மான்ட்ரியல் நகரில் மூன்று அலுவலகக் கட்டடங்களில் நடந்த ஆய்வு 2003-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. ஏசி காயில் மீதும் தண்ணீர்த் தட்டின் மீதும் விளக்கு எரிந்தபோது, அந்தப் பரப்புகளில் கிருமிகள் 99 சதவிகிதம் குறைந்தன. ஊழியர்களின் மூக்கடைப்பு, தொண்டை எரிச்சல் போன்ற தொல்லைகளும் குறைந்தன. கொரோனா காலத்தில் மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். உருவாக்கிய புறஊதா அமைப்பை 2021-ல் நாடாளுமன்றத்திலும் பொருத்தினார்கள்.

ஆனால், ஒளி படும் இடத்தில் மட்டும்தான் வேலை நடக்கும். நிழலில் இருக்கும் கிருமி தப்பிவிடும். விளக்கின் மேலேயே தூசு படிந்தால் வலு போய்விடும். ஓராண்டு ஓடிய பிறகு, நீலமாக எரிவது போலத் தெரிந்தாலும் கிருமியைக் கொல்லும் சக்தி தேய்ந்திருக்கும். நேரடியாகப் பட்டால் மனிதரின் கண்ணும் தோலும் புண்ணாகும். கழுவி முடித்த காயிலைச் சுத்தமாகவே வைத்திருக்க இந்த விளக்கு உதவும். கழுவாத காயிலைக் காப்பாற்றாது.

உயரக் கூரையின் ஞானம்

எல்லா இடத்துக்கும் ஏசி தேவையா என்பதும் நல்ல கேள்விதான். பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வு, ஜன்னல் கதவுகளைத் திறந்துவைத்தாலே இயந்திரக் காற்றோட்டத்தைவிட அதிக தடவை காற்று மாறுவதைக் காட்டியது. அதிலும், உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள பழைய கட்டடங்கள் புதிய கட்டடங்களை எளிதாகத் தோற்கடித்தன.

மதுரைக்கு இது புதிய செய்தியல்ல. நகரத்துக்கு வெளியே தோப்பூரில் நெஞ்சக நோய்களுக்கென்று அரசு மருத்துவமனை இருக்கிறது. காசநோய்க்கு மாத்திரை வராத காலத்தில் உலகெங்கும் அந்த நோயாளிகளைத் திறந்தவெளிக் காற்றில்தான் படுக்கவைத்தார்கள். பழையவர்கள் 'எர்ஸ்கின் ஆஸ்பத்திரி' என்று சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு இன்றும் தென்மாவட்டங்கள் முழுவதிலுமிருந்து ஏழை மக்கள் வருகிறார்கள். அப்படிக் கூட்டம் நிறையும் பொது வார்டுகளில், ஜன்னலை அடைத்து ஏசி மாட்டுவது முன்னேற்றம் போலத் தெரியலாம். இருமும் நோயாளிகள் நிறைந்த அறையில் அது ஆபத்தையே கூட்டும். தியேட்டருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் வடிகட்டிய காற்று. பொது வார்டுக்குத் திறந்த ஜன்னலும் ஓடும் ஃபேனும். மதுரை வெயிலிலும் இந்தப் பங்கீடு பொருந்தும்.

உறவினர்கள் கவனிக்க வேண்டியவை

அறுவை சிகிச்சைக்குப் போகிறவர் ஏசி மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. ஆனால், சில விஷயங்களைத் தன்மையாகக் கேட்கலாம்:

- தியேட்டருக்குத் தனிக் காற்று இயந்திரமும் ஹெப்பா ஃபில்டரும் இருக்கின்றனவா?
- முதல்நிலை ஃபில்டரை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுகிறீர்கள்? 15 நாளுக்கு ஒருமுறை என்பது நல்ல பதில். 'வாடை வந்தால் கழுவுவோம்' என்பது மோசமான பதில்.
- தியேட்டர் காற்றின் கிருமிப் பரிசோதனை கடைசியாக எப்போது நடந்தது?
- வார்டில் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டினாலோ, கூரையில் கறுப்புப் புள்ளி படர்ந்திருந்தாலோ நர்ஸிடம் சொல்லுங்கள். புகார் சொல்கிறோமே என்று தயங்க வேண்டாம்.
- கண் அறுவை முடிந்து வீடு திரும்பிய பின் வலி கூடினாலோ, கண் சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

வீட்டு ஏசிக்கும் இதே பாடம் கொஞ்சம் பொருந்தும். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். அணைப்பதற்கு முன் சில நிமிடம் ஃபேனை மட்டும் ஓடவிட்டால் காயில் உலர்ந்துவிடும். தினமும் சற்று நேரம் ஜன்னலைத் திறந்துவையுங்கள். கொரோனா நேரத்தில் இந்தியக் குளிர்சாதனப் பொறியாளர்களின் சங்கமான 'இஷ்ரே' சொன்னது 24 முதல் 30 டிகிரி வரையிலான வெப்பநிலை. உடம்புக்கும் பர்ஸுக்கும் அது இன்றும் நல்லதுதான்.

கணக்கில் வராத கை

அறுவை நன்றாக முடிந்தால் டாக்டருக்கு நன்றி சொல்கிறோம். நர்ஸுக்கும் சொல்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஏணி மேல் ஏறி, தட்டில் படிந்த வழவழப்பைச் சுரண்டி எடுத்து, நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வைக்கும் ஏசி டெக்னீஷியனை யாருக்கும் தெரியாது. பல இடங்களில் அவர் ஒப்பந்த ஊழியர். அவருக்குக் கையுறை, முகக்கவசம் தருகிறார்களா, கிருமியைப் பற்றி ஒரு மணி நேரமாவது சொல்லிக்கொடுக்கிறார்களா, அவசரமாக முடிக்கச் சொல்கிறார்களா என்பதெல்லாம் நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.

விலை உயர்ந்த மருந்துப் புகையோ, நீல விளக்கோ இல்லாமலேகூட ஓர் ஆஸ்பத்திரி தன் காற்றைப் பெருமளவு காத்துக்கொள்ள முடியும். தூசு சேராத ஃபில்டர், தண்ணீர் தேங்காத தட்டு, நிற்காமல் ஓடும் ஃபேன், தேதி விடுபடாத நோட்டு. இந்த நான்கும் பெரிய செலவு வைக்காதவை. ஆனால், ஒரு வாரம்கூட லீவு விட முடியாதவை.